சின்னப் பெட்டியை யாரும் தொடவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. பழைய சிலிண்டர் போனோகிராப் மாதிரிகளில் எதன் ஒலித்தரம் உயர்ந்தது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். எனக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் என் அக்கா வீட்டுக்காரரிடம் இரண்டு இருந்தன. அத்தான் பல் டாக்டர். பல் பிடுங்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் அவற்றோடுதான் குடித்தனம்.

தெரியாதவர்களுக்காக: தட்டையான இசைத்தட்டு வருவதற்கு முன், தம்ளர் அளவு உருளைகளில் ஒலியைப் பதிந்தார்கள். உருளை சுழலும். அதன் கோடுகளில் ஒரு முள் ஓடும். முள்ளின் நடுக்கத்தை ஒரு மெல்லிய தகடு வாங்கிக் குழலுக்குள் அனுப்பும். மின்சாரம் வேண்டாம், சாவி கொடுத்தால் போதும்.

அத்தானின் சின்னப் பெட்டி முந்தைய மாதிரி, தகரக் குழல். ஜலதோஷம் பிடித்தவர் பேசுவதுபோல் இருக்கும், ஆனால் சொல் சொல்லாக விளங்கும். பெரிய பெட்டி பிந்தையது, மரக் குழல். பாட்டு கனமாக, நிறைவாக வரும். வார்த்தைகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கட்டுரையாக இருந்தால் இங்கேயே முடித்துக் காசோலை வாங்கியிருப்பேன்.

2

தேறாத தொடக்கங்கள்:

"அந்த அறைக்குள் நுழைந்ததும் காலம் பின்னோக்கி…" (வேண்டாம். பழைய சாமான் கதையெல்லாம் இப்படித்தான் கதவைத் திறக்கிறது.)

"ஒலி என்பது என்ன? ஆதியில்…" (எனக்கே தூக்கம் வருகிறது.)

"அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவே பேச்சு குறைந்து ஒரு வருடம் இருக்கும்." (இதுதான். எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது. என்னை ரொம்ப நல்லவளா மட்டும் காட்டிடாத" என்றாள்.)

சண்டை என்று ஒன்றும் இல்லை. அவள் ஏதாவது சொல்வாள், அவர் செய்தித்தாளைப் புரட்டுவார். மறுபடி சொல்வாள். மூன்றாம் முறை "ஆங்?" என்பார். நாளடைவில் அவள் முதல் முறை சொல்வதையே விட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். (அக்காவின் வேலை என்ன என்பதை இங்கேயே சொன்னால் கதை உடைந்துவிடும், சொல்லாமலே விட்டால் மோசடி. அடுத்த பகுதியில் சொல்கிறேன்.)

அப்போதுதான் அக்கா ஓர் உத்தரவு போட்டாள். கூடத்தில் நடக்க வழியில்லை; இரண்டு பெட்டிகளில் ஒன்று போக வேண்டும். எது போவது என்று ஒலியை ஒப்பிட்டுத் தீர்மானிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். நான் கட்டுரைக்காக, அத்தான் பெட்டிக்காக, அக்கா வழிக்காக.

பெரிய பெட்டியின் தகட்டை அத்தான் புதிதாக மாற்றியிருந்தார். பல் சுத்தம் செய்யும் கொக்கியால் முள்ளையும் துடைத்திருந்தார். உருளை சுழன்றது. பாட்டின் பின்னால், தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல், பழைய உருளைகளுக்கே உரிய இரைச்சல்.

"பாத்தியா, இரைச்சல் சுத்தமா போயிடுச்சு" என்றார் அத்தான். முகமெல்லாம் பெருமை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சின்னப் பெட்டியை நோக்கிக் கை காட்டினாள். அத்தான் அதில் வேறொரு உருளையை மாட்டினார். அதிலும் தூறல்.

"அட, இதுலயும் இல்ல."

சின்னப் பெட்டியின் தகட்டையோ முள்ளையோ அவர் தொடவே இல்லை.

3

இங்கே வாசகர் என்னை மடக்குவார். அக்காவின் வேலை, மருத்துவமனையில் காது சோதிப்பது. ஊரில் யார் காது எவ்வளவு போயிற்று என்று சோதனை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்டுபிடிப்பவளுக்கு, சொந்தப் புருஷன் காது தெரியாதா? இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. விளக்கடியில் இருட்டு என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அவளிடமே போனேன்.

"எப்படிக்கா உனக்குத் தெரியாம போச்சு?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பதில் சொல்லலைன்னா காது கேக்கலைன்னு நினைப்பேன். வீட்டுல புருஷன் பதில் சொல்லலைன்னா? கேக்கப் பிடிக்கலைன்னுதானே நினைக்கத் தோணும்."

(இதைவிட நல்ல வரி என்னால் எழுத முடியாது. அவளை நம்பிவிட்டேன்.)

அத்தானின் பல் துளைக்கும் கருவி கீச்சென்று கத்தும். காலமெல்லாம் காதருகே அந்தக் கீச்சொலி. மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும் என்றாள் அக்கா. இரைச்சல் போகும், பிறகு 'ச'வும் 'த'வும் போகும். கனமான ஒலிகள் மிஞ்சும். பெரிய பெட்டியை அத்தான் ஏன் கொண்டாடினார் என்று அப்போதுதான் விளங்கியது.

4

அந்த ஞாயிறுக்குத் திரும்புவோம். அக்கா உள்ளே போய் அட்டை டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். அதில் ஒரு மெழுகு உருளை. கல்யாணமான புதிதில் அத்தான் அவள் குரலை அதில் பதிந்து வைத்திருந்தார். பாட்டு உருளைகள்போல் கெட்டியல்ல, மென்மையான மெழுகு; ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முள் கொஞ்சம் சீவிக்கொண்டு போய்விடும். அதனால் நாங்கள் யாரும் அதை ஓட்டுவதில்லை.

"இதைப் போடுங்க" என்றாள், அவர் முகத்துக்கு நேரே வந்து.

பெரிய பெட்டியின் முள் மெழுகைக் கிழித்துவிடும். சின்னதில் மாட்டினார். தூறலுக்கு நடுவே அக்கா, வயது குறைந்த அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தினாள்: "சத்தமா பேசச் சொல்றீங்க, சரி, என்ன பேசறது? சாப்பிட்டீங்களா?" எனக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது.

அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. "தேஞ்சு போச்சே. ஒண்ணுமே பிடிபடலையே. போட்டிருக்கவே கூடாது." உருளையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அக்கா அவர் தோளைத் தொட்டாள். "மெழுகு தேயலைங்க."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். தகடு மாற்றாத சின்னப் பெட்டியில் பார்வை நின்றது.

"அப்போ… நீ பேசறதை நிறுத்தினது?"

"நீங்க பதில் சொல்றதை நிறுத்தினதால."

அக்கா அழுதாள். நிம்மதியில்தான். தன்னை அவருக்குப் பிடிக்காமல் போகவில்லை என்ற நிம்மதி. செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை இந்தக் கதையில் எடுக்கவே கூடாது என்று சபதம் செய்திருந்தேன். அத்தானே எடுத்தார்: "ஒரு வருஷமா ஊதியிருக்க. சங்கை மாத்தியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல." அழுதுகொண்டே சிரித்தாள்.

5

முடிவுக்கு மூன்று வழிகள் போட்டுப் பார்த்தேன்.

(அ) பெரிய பெட்டி போகிறது; இனி அவருக்குச் சொல் முக்கியம். (நீதிக்கதை வாடை.)

(ஆ) சின்னது போகிறது, இனி அக்காவின் குரலுக்குப் பெட்டி எதற்கு… (சர்க்கரை அதிகம்.)

(இ) இரண்டும் இருக்கின்றன, சோபா போகிறது. (அக்கா இதைப் படித்துவிட்டு என்னை முறைத்தாள்.)

நடந்ததைச் சொல்கிறேன். சோதனை அறையில் அத்தானை உட்கார வைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள் அக்கா. ஒலியே கொடுக்காதபோதும் அழுத்தினாராம். "பரீட்சையில காப்பியடிக்கறீங்களா?" என்று திட்டியிருக்கிறாள். காதுக்குக் கருவி வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெரிய பெட்டியை ஓட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"ஐயோ, எவ்வளவு இரைச்சல்" என்றார். திருவிழாவில் காணாமல் போன பிள்ளை கிடைத்த குரலில்.

பிறகு மெழுகு உருளையை எடுத்துச் சின்னப் பெட்டியில் மாட்டப் போனார். அக்கா அதை வாங்கி டப்பாவில் போட்டு மூடினாள்.

"அது தேய வேண்டாம். நான் இங்கதானே இருக்கேன்."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். எது போயிற்று, எது தங்கிற்று என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்களே ஒன்றைத் தூக்கி வெளியே வையுங்கள், அக்காவுக்கு வழி கிடைத்தால் சரி. இன்னொரு வேலையும் உங்களுக்கு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குரலை உயர்த்தாமல், முகத்தைக் காட்டாமல், அவள் அவரிடம் ஏதோ கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். அந்தக் கேள்வியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பதிலை மட்டும் நான் தருகிறேன்.

"எனக்கும் வேணும்" என்றார் அத்தான், முதல் தடவையிலேயே.