நாற்பத்தோரு நொடி

வகுப்பில் அவளைவிட வயதில் மூத்தவர் ஆசிரியர் மட்டும்தான். பாதுகாப்புத் தொழில்நுட்பம் படிக்க வந்த மற்றவர்களுக்கு அவள் அக்கா. முதல் வாரம் ஒருத்தி வாய்தவறி 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயதில் கேமராவையும் மின்பூட்டையும் பற்றி எழுத்துக்கூட்டிப் படித்தது வேலைக்காக அல்ல. அவள் கணவன் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தான். அங்கே தீப்பிடித்த மதியம், சுமை தூக்கும் இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப்போனார்கள். "அவசரக் கதவுக்கான பட்டனை அழுத்தினேன், கதவு திறக்கல" என்றான் அவன். யாரும் நம்பவில்லை. அவள் நம்பினாள். பக்கத்து வீட்டுக்காரியோடு தொண்டை கிழியச் சண்டை போட்டாள். கூடப்பிறந்த தங்கையோடு பேச்சை முறித்துக்கொண்டாள். அந்தப் பட்டன் எப்படியெல்லாம் பழுதாகும் என்று கற்றுக்கொண்டு ஊர் வாயை அடைக்கத்தான் இந்தச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள்.

அன்று ஆசிரியர் ஒரு பழைய விபத்தின் கேமராப் பதிவைத் திரையில் ஓடவிட்டார். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் இடது தோள் சற்றே இறங்கிய அந்த நடையை அவளுக்குத் தெரியாதா? இருபது வருஷமாகப் பின்னாலேயே நடந்தவள்.

புகை கூரையைப் பிடித்து ஊர்ந்து வந்தது. காவலாளி ஓடிவந்தான். பட்டனுக்கு முன்னால் நின்றான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கை தொடையோடு ஒட்டிக்கிடந்தது. பிறகு திரும்பி வெளியே போய்விட்டான்.

"சிலை மாதிரி நிக்கிறான் பாரு" என்று பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

"பட்டன் வேலை செஞ்சுதா இல்லையா?" ஆசிரியர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

திரையின் ஓரத்தில் ஓடிய நேரத்தையும் பதிவோடு கொடுத்திருந்த தாளையும் அவள் பார்த்தாள். பட்டனை ஒருமுறை அழுத்தினால் தாளில் ஒரு வரி விழும். அந்த நேரத்துக்கு நேரே எதுவும் இல்லை.

"அழுத்தவே இல்ல சார்" என்றாள். "நாற்பத்தோரு நொடி சும்மா நின்னிருக்காரு."

"சபாஷ். இயந்திரத்து மேல தப்பே இல்ல. எழுதிக்குங்க."

எல்லோரும் எழுதினார்கள். அவளும் எழுதினாள்.

வீட்டுக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கணவன் கொடியிலிருந்து நனைந்த துணிகளை உருவி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். வேலை போனதிலிருந்து வீட்டு வேலையெல்லாம் அவன்தான்.

"அந்தப் பட்டன் பாடம் வந்துச்சா?" என்றான், தினமும் கேட்பதுபோல.

"வந்துச்சு."

"பழுதாகும்னு சொன்னாங்களா?"

கத்தியிருக்கலாம். அந்த இரண்டு பேரின் மனைவிகளை நினைத்தாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயத்தில் உறைந்துபோனவனைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இத்தனை நாள் ஊரோடு மல்லுக்கு நின்ற வாய் உலர்ந்துகிடந்தது.

"ஆகுமாம்" என்றாள்.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்க ஒரு கணம் தாமதித்துவிட்டாள். அது போதுமாக இருந்தது அவனுக்கு. குனிந்து வாளியிலிருந்து அவளுடைய சட்டையை எடுத்துப் பிழிந்தான். தண்ணீர் சிமென்ட் தரையில் கொட்டியது. மறுபடியும் முறுக்கினான். ஒரு சொட்டும் விழவில்லை. விரல் முட்டிகள் வெளுக்க வெளுக்க, அதையே முறுக்கிக்கொண்டிருந்தான்.