பிரேசில்காரன் மடி

ஏரியூர் மாதப்பன் சாக்ஸபோன் வாசித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிரேசில் பெட்ரோ வாசித்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். இரண்டு பேரும் நான்தான். சுருட்டை விக், கறுப்புக் கண்ணாடி, ஒட்டுத்தாடி, இறகு வைத்த தொப்பி. மேடை ஏறினால் எனக்குத் தமிழ் தெரியாது. வாய்க்கு வந்ததை உளறுவேன். பேண்டு ஓனர் ஆரோக்கியராஜ் அண்ணன் அதை மைக்கில் மொழிபெயர்ப்பார்.

அன்றைக்கு நல்லம்பள்ளியில் ஒரு காதுகுத்து. மண்டப வாசலில் பேனரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தங்கச்சி அன்பரசியின் மகள்! "பேண்டு அடிக்கிறவன் என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று என்னை விரட்டிய அவள் புருஷன் தர்மன்தான், கௌரவத்துக்காக வெளிநாட்டுக்காரனை புக் பண்ணியிருக்கிறான். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. திரும்பிப் போனால் ஆரோக்கியராஜ் அண்ணன் மானம் போய்விடும். மேடை ஏறினேன்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். பாப்பாவுக்குக் கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருத்தன்தான். தர்மனோ தூரத்து உறவில் யாரோ ஒரு மாமனைப் பிடித்து வந்து மணையில் உட்கார வைத்திருந்தான். வயிறு எரிய எரிய ஊதினேன்.

உச்சத்தில் ஊதும்போது என் இடது தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும். சின்ன வயதில் அன்பரசி அதை அப்படியே செய்து காட்டி வீட்டையே சிரிக்க வைப்பாள். இப்போது கீழே நின்று அந்தத் தோளையே பார்த்தாள். பிறகு நேராகப் புருஷனிடம் போனாள்.

"ஏனுங்க, பாப்பாவ பெட்ரோ சார் மடியில வெச்சுக் குத்தலாமுங்க. போட்டோவுல சும்மா கெத்தா இருக்கும்."

தர்மனுக்கு வாயெல்லாம் பல். "சூப்பர் ஐடியா புள்ள! சார், கம், கம்!" என்று அவனே என் கையைப் பிடித்து இழுத்து வந்து, அந்த மாமனை எழுப்பிவிட்டு மணையில் உட்கார வைத்தான்.

குழந்தையை என் மடியில் வைக்கும்போது அன்பரசி என் காதோரம் குனிந்தாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கண்ணா. பாப்பா திமிறுவா."

ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. அதைவிட அதிகமாக நான் அழுதேன்.

"ஏங்க, இவரு எதுக்கு அழுவறாரு?" என்று தர்மன் கேட்டான்.

"அவங்க நாட்டுல இதெல்லாம் பெரிய மரியாதைங்க" என்றார் ஆரோக்கியராஜ் அண்ணன்.

எத்தனையோ மேடைகளில் எனக்காக அவர் என்னென்னவோ அள்ளிவிட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் நான் நினைத்ததைச் சொன்னார். அன்பரசி, நீ நல்லா இருக்கணும் தாயி.