கன்னத்துச் சிவப்பு

அத்தான் காலையில் செருப்புகூடப் போடாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். மறதி நோய் முற்றியதிலிருந்து தன் பெயரே அவருக்குச் சரியாக வருவதில்லை. போலீஸில் சொல்லிவிட்டு, அக்கா மூச்சிரைக்கத் தம்பியின் ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தாள்.

"முகம் தெளிவாத் தெரியுற மாதிரி ஒரு படம் குடுடா. எல்லாருக்கும் அனுப்பணும்."

தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வருடம் டிஜிட்டல் கேமராவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தை அனுப்பினான். பார்த்தவர்களெல்லாம் மெச்சிய படம்.

மறுநாள் பஸ் நிலையத்துப் பழக்கடைக்காரி போனில் கூப்பிட்டாள்.

"நேத்து ஒருத்தர் வெறுங்காலோட என் கடை முன்னாடி ரொம்ப நேரம் நின்னாருங்க. சாயல் இதேதான். ஆனா கன்னத்துல பெரிய சிவப்பு மச்சம் இருந்துச்சு. படத்துல இல்லையே, வேற ஆளுன்னு விட்டுட்டேன்."

"இப்போ எங்கேம்மா அவரு?"

"ஏதோ பஸ்ல ஏறிட்டாரு. எந்த பஸ்னு பார்க்கலைங்க."

அந்த மச்சம் அத்தானுக்குப் பிறவியிலேயே இருந்தது. தினமும் பார்த்துப் பழகியதால் அதைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்ப இருவருக்குமே தோன்றவில்லை. கருப்பு வெள்ளையில் சிவப்பை மட்டும் வெளிற வைத்தால் தோல் பளிச்சென்று வரும். கேமராவில் தம்பி அப்படித்தான் வைத்திருந்தான். படத்தைப் பார்த்து அத்தான்கூடச் சிரித்தார்: "எந்த சோப்புக்கும் போகாததை நீ போக்கிட்டியே மாப்ளே!" வண்ணத்தைக் கேமரா சேமிக்கவே இல்லை. இனி அதை வரவழைக்க வழியுமில்லை.

அக்கா தன் செல்போனைத் துழாவி ஒரு வண்ணப் படத்தை நீட்டினாள். மருவும் தழும்பும் தெரியாமல் முகத்தைத் தானாகவே மெழுகிவிடும் போன் அது. மச்சத்தையும் சேர்த்து மெழுகியிருந்தது. கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தாள். ஃபிலிமில் எடுத்துப் போட்ட பிரிண்ட். நாளாகி நீலமும் பச்சையும் வெளுத்துப்போய், சுவர், சட்டை, முகம் எல்லாமே சிவந்து கிடந்தது. அதில் மச்சத்தை எங்கே தேடுவது?

"நீயே வரைஞ்சு வையேன்டா."

தம்பி கம்ப்யூட்டரில் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தின் கன்னத்தில் சிவப்பைத் தொட்டு வைத்தான்.

"இது அடிபட்ட காயம் மாதிரி இருக்கு. கொஞ்சம் கீழே... இல்லை, காதுப் பக்கம்."

"எவ்வளவு தூரம்க்கா?"

அக்கா கண்ணை மூடி, எதிரே யாரோ இருப்பதுபோல் உள்ளங்கையைக் காற்றில் வைத்துப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். சொல்லத் தெரியலையேடா."

ஒருவழியாக வரைந்த படத்தை, மச்சத்தைப் பற்றியும் எழுதி அனுப்பினார்கள். அதன் பிறகு எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். சிவப்பு மச்சம் உள்ள யார் யாரையோ பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்காவும் தம்பியும் பஸ் ஏறினார்கள். ஒருவரும் அத்தான் இல்லை.