நாற்பத்தோராவது அழைப்பு

"அஞ்சே நிமிஷம் தம்பி. ஒரே ஒரு போன் வரணும். வந்ததும் நானே குடுத்துடறேன்," என்று ஹலோ அக்கா மூன்றாவது முறையாகக் கெஞ்சினார்.

சட்டசபை வாசலில் கைப்பேசிகளை வாங்கி இரும்புப் பெட்டிகளில் பூட்டி வைக்கிற காவலர் மசியவில்லை. "எட்டரைக்குப் பார்வையாளர் மாடத்தைச் சாத்திடுவாங்கம்மா. அப்புறம் யாரும் உள்ள போக முடியாது. நடுவுல எழுந்து வெளிய வந்தாலும் அதே கதைதான், திரும்ப விடமாட்டோம்."

"குடுங்க அண்ணி," என்று கூட வந்திருந்த அவருடைய தம்பி மனைவி பிடுங்காத குறையாகக் கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் போட்டாள். பதினேழாம் எண் பெட்டி. அதன் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஹலோ அக்கா படியேறினார்.

ஊரே கைதட்டப் போகிற நாளில் இந்த அம்மாள் ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். காரணம் இருந்தது.

ஹலோ அக்கா முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற வருடம், அவர் குடியிருந்த அடுக்குமாடியில் இரண்டு தளம் கீழே தனியாக வாழ்ந்த ஒருவர் இறந்துபோனார். நாலு நாள் கழித்துத்தான் யாருக்கும் தெரிந்தது. அந்த நாலு நாளும் அவருடைய கதவைத் தாண்டித்தான் ஹலோ அக்கா படி ஏறி இறங்கினார். அந்த வெட்கம் அவரைச் சும்மா விடவில்லை. அடுத்த வாரமே, தனியாக இருக்கும் ஏழு பெரியவர்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதினார். தினமும் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எடுத்து "இருக்கேன்" என்று சொன்னால் போதும். எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. அதற்கும் எடுக்காவிட்டால், எல்லா வீட்டு மாற்றுச்சாவியையும் வைத்திருக்கும் தையல்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார். வெளியே போகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சட்டதிட்டம் என்று இருந்தது இவ்வளவுதான்.

ஆறு வருடத்தில் ஏழு பேர் நாற்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். தையல்காரர் இதுவரை பதினோரு கதவுகளைத் திறந்திருக்கிறார். பத்துப் பேர் பிழைத்தார்கள்.

பிழைக்காத ஒருவர் நூலகர் அம்மா. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை அவர் போனை எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பார் என்று ஹலோ அக்கா தாமாகவே முடிவு செய்து, மற்றவர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி அடித்தார். அந்த அரை மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஹலோ அக்காதான் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இன்று விழாவுக்காக எல்லாரையும் ஏழு மணிக்கே கூப்பிடுவதாகச் சொல்லி வைத்திருந்தார். நாற்பது பேர் எடுத்தார்கள். எல்லாருடைய குரலுக்குப் பின்னாலும் ஒரே கடகடப்பு, ஒரே இரைச்சல், நடுநடுவே யாரோ வறட்டு இருமல் இருமுகிற சத்தம். லைன் சரியில்லை போல என்று அவர் அலட்டிக்கொள்ளவில்லை. நாற்பத்தோராவது ஆள்தான் எடுக்கவில்லை.

அது கடிகாரக்காரர். எண்பத்து மூன்று வயது. கைக்கடிகாரம் பழுது பார்த்தே காலம் தள்ளியவர். கைப்பேசி என்றால் அவருக்கு ஆகாது, மேசைமேல் பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்றுதான் உண்டு. முதல் மணி முழுசாக அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவார். "இருக்கேன். ரெண்டு நிமிஷம் லேட்டு," என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். தன்னைக் கடைசியில் போடச் சொன்னதும் அவரேதான். அப்போதுதான் மொத்தத் தாமதமும் கணக்குக்கு வருமாம். இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாள்கூட எடுக்காமல் இருந்ததில்லை.

ஏழு ஐம்பத்தெட்டுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு எட்டுக்கு, வரும் வழியில் காரிலிருந்து கூப்பிட்டபோதும் அப்படியே. தையல்காரர் உடனே கிளம்பிவிட்டார். ஆனால் கடிகாரக்காரர் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது, பாதையெல்லாம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போய்ச் சேர அரை மணியாவது ஆகும். அந்தச் செய்தி வருவதற்குள்தான் கைப்பேசி பெட்டிக்குள் போய்விட்டது.

மாடத்தில் முதல் வரிசையில் இடம். கீழே சிவப்புக் கம்பளம், வழுவழுப்பான மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஒலிவாங்கி. வருடம் முழுக்க ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிற உறுப்பினர்கள் இந்த ஒரு காலை மட்டும் வாய் இனிக்கப் பேசுவது இந்தச் சபையின் வழக்கம். ஒவ்வொருவரும் தன் தொகுதியில் நல்ல காரியம் செய்கிற ஒருவரையோ ஒரு அமைப்பையோ பற்றி இரண்டு நிமிடம் பேசுவார். பேசப்படுகிறவர் மாடத்தில் எழுந்து நிற்க வேண்டும். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். மாடத்திலிருந்து யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எழுந்து நிற்க ஆள் இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெயர் அவைக் குறிப்பிலும் ஏறாது.

நூற்று இருபது தடவை ரத்தம் கொடுத்த லாரி ஓட்டுநர் எழுந்து நின்றார். பார்வையற்றவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் மூன்று சகோதரிகள் நின்றார்கள். மேசைகள் அதிர்ந்தன. ஹலோ அக்கா ஒன்றையும் கேட்கவில்லை. கறுப்புத் தொலைபேசி யாரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருப்பதுதான் அவர் காதில் விழுந்தது.

ஒன்பது இருபதுக்கு எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க?" தம்பி மனைவி அவர் கையைப் பிடித்தாள். "இன்னும் நாலு பேர்தான் அண்ணி. அதுக்கு அடுத்து நம்மதான். தையல்காரர் பார்த்துக்க மாட்டாரா?"

"பார்த்துப்பார். ஆஸ்பத்திரிக்கு யார் சொல்றது, அவர் மகளுக்கு யார் சொல்றது? எல்லா நம்பரும் என்கிட்டதான் இருக்கு."

"வெளிய போனா திரும்ப விடமாட்டாங்க."

"விடாட்டி போகட்டும். இன்னொரு அரை மணியை என்னால சுமக்க முடியாது."

தம்பி மனைவிக்கு நூலகர் அம்மாவின் கதை தெரியும். பிடித்த கையை விட்டுவிட்டாள்.

படிகளில் இறங்கும்போது முழங்கால் வலித்தது, ஹலோ அக்கா சட்டை செய்யவில்லை. பதினேழாம் பெட்டியைத் திறந்தார். தையல்காரர் நாலு தடவை கூப்பிட்டிருந்தார். உடனே திருப்பி அடித்தார்.

"அக்கா, வீட்டுல ஆள் இல்ல," என்றார் தையல்காரர். "கதவைத் திறந்து எல்லா ரூமும் பார்த்துட்டேன். படுக்கை மடிச்சு வச்சிருக்கு. டம்ளர் கழுவிக் கவுத்திருக்கு. செருப்பைக் காணோம். கடிகாரம் எல்லாம் ஜோரா ஓடிட்டிருக்கு, அவரைத்தான் காணோம்."

எண்பத்து மூன்று வயது மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போயிருப்பார்? எந்தத் தெருவில் விழுந்து கிடக்கிறாரோ? ஹலோ அக்கா தையல்காரரை அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

அப்போது யாரோ இருமினார்கள். வறட்டு இருமல்.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். முப்பத்தொரு வருடம் காதை வைத்தே சோறு தின்றவர் ஹலோ அக்கா. காலையில் நாற்பது பேருக்குப் பின்னாலும் கேட்ட அதே இருமல் அது. நிமிர்ந்து பார்த்தார்.

வெளிக்கதவுக்கு அப்பால் ஒரு வாடகைப் பேருந்து நின்றது. அதன் அருகே கைத்தடியும் சக்கர நாற்காலியும் மடக்கு நாற்காலியுமாக ஒரு பெரிய கூட்டம். முன்னால் நின்று, எட்டரை தாண்டிவிட்டது என்று உள்ளே விட மறுத்த இன்னொரு காவலரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் நர்ஸம்மா, பட்டியலில் மூன்றாவது ஆள். பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தவர் ரயில் டிரைவர், இருபத்தாறாவது ஆள். எழுபத்தெட்டு வயதிலும் இரண்டு பின்னல் போட்டுக்கொள்ளும் ரெட்டைச்சடை இருந்தார். எல்லாரும் இருந்தார்கள். நடுவில், கையில் ஒரு பழைய கைப்பேசியைக் குருவிக்குஞ்சைப் போலப் பிடித்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்தபடி நின்றிருந்தார் கடிகாரக்காரர்.

ஹலோ அக்கா அப்படியே காவலரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தையல்காரருக்கு மட்டும் "கிடைச்சுட்டார்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் கோபம் வந்து முந்திக்கொண்டது.

"சொல்லாம வெளிய போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பொரிந்து தள்ளினார். "நாப்பத்தொரு பேருக்கும் ஒரே நாள்ல புத்தி போயிடுச்சா?"

"சொல்லிட்டு வந்தா அப்புறம் என்ன ஆச்சரியம் இருக்கு?" என்றார் நர்ஸம்மா. "நீங்க மேல நிக்கும்போது பின்னால நாங்க எல்லாரும் இருக்கணும்னு ஆசைப்பட்டோம். ஒரு மாசமா திட்டம். ஏழு மணிக்கு பஸ்ல இருந்தே ஒவ்வொருத்தரா போன் எடுத்தோம். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க மூச்சு விடல. இவர் இருமல் ஒண்ணைத்தான் அடக்க முடியல."

"கடிகாரக்காரர் ஏன் எடுக்கல?"

நர்ஸம்மாவின் சுருதி இறங்கியது. "அவர்கிட்ட செல் கிடையாதே. அதான் என் பழைய போனைக் குடுத்து, அக்கா இதுல கூப்பிடுவாங்க, எடுங்கன்னு சொன்னேன்."

"அந்த நம்பர் எனக்குத் தெரியுமா?"

கூட்டம் மொத்தமும் நர்ஸம்மாவைப் பார்த்தது. ஒரு மாதத் திட்டத்தில், பேருந்து வந்தது, மடக்கு நாற்காலி வந்தது, தண்ணீர்ப் புட்டிகூட வந்தது. அந்த எண்ணை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடிகாரக்காரர் இரண்டு மணி நேரமாக அடிக்காத போனைக் காதருகே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அம்மா, இங்க பாருங்க, உங்களைப் பத்தித்தான்," என்று காவலர் கூப்பிட்டார். அவர் மேசையில் இருந்த சின்ன டிவியில் சபை நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் தொகுதியின் உறுப்பினர், கண்ணாடி போட்ட பெண்மணி, பேச்சை முடித்து மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். கேமராவும் பார்த்தது. முதல் வரிசையில் ஹலோ அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

"அடுத்து," என்றார் சபாநாயகர்.

காலி நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து தம்பி மனைவி எழுந்துவிட்டாள். நாலு பேர் நடுவில் சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிறவள் அவள். "ஐயா, அவங்க வராம இல்ல. காலைல ஒருத்தர் போன் எடுக்கல. அவரைத் தேடிப் போயிருக்காங்க. திரும்ப விடமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் போனாங்க."

மாடக் காவலர்கள் அவளை நோக்கி ஓடினார்கள். சபாநாயகர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்தப் பெரியவர் கிடைச்சாரா?"

"தெரியலைங்க. என் போனையும் நீங்கதான் வாங்கி வச்சிருக்கீங்க."

சபையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. எதிர்வரிசையில் ஒருவர் எழுந்தார். போச்சு, சண்டை ஆரம்பம் என்று டிவி முன்னால் இருந்த வாசல் காவலர் முணுமுணுத்தார். ஆனால் அந்த உறுப்பினர் கையில் காகிதம் எதுவும் இல்லை. "எங்க அம்மாவும் தனியாத்தான் இருக்காங்க," என்றார். "அவர் கிடைச்சாருன்னு தெரியற வரைக்கும் காத்திருக்கலாம்."

"அவை காத்திருக்கும்," என்றார் சபாநாயகர்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போனதை இந்த வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்றார் காவலர். பிறகு ஹலோ அக்காவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். வாக்கிடாக்கியை எடுத்தார். "சார், கிடைச்சுட்டார். இங்கதான் நிக்கிறார். இன்னும் நாப்பது பேரும் நிக்கிறாங்க. எல்லாரையும் விடலாமாங்க?"

பதில் வருவதற்குள் டிவியிலேயே மேசைகள் அதிர ஆரம்பித்தன.

அந்த நாற்பத்தொரு பேரும் மாடியேற அரை மணிக்கு மேல் ஆனது. சக்கர நாற்காலிகளைக் காவலர்களே தூக்கினார்கள். இடம் போதாமல் லாரி ஓட்டுநரும் நீச்சல் சகோதரிகளும் எழுந்து சுவரோரம் நின்றார்கள். கீழே நூற்றுக்கணக்கான கண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. உறுப்பினர் தன் இரண்டு நிமிடத்தை முதலிலிருந்து மறுபடி பேசினார். பதினோரு கதவுகளைப் பற்றியும் சொன்னார். ஹலோ அக்கா எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால், நிற்க முடிந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். அவருக்கு இதற்காகவே ஆறு வருடம் விடிந்திருக்கிறது என்று தோன்றியது.

"மாடத்திலிருந்து யாரும் பேசக் கூடாதுன்னு விதி," என்றார் சபாநாயகர். "இன்னைக்கு ஒருத்தர் ஏற்கெனவே அதை மீறிட்டாங்க. அதனால நீங்களும் ஒரு வார்த்தை பேசலாம்."

ஹலோ அக்கா கீழே சபாநாயகரைப் பார்த்தார். "எனக்குப் பேச வராதுங்க. கூப்பிடத்தான் வரும். இன்னைக்கு நாப்பது பேரைக் கூப்பிட்டாச்சு. ஒருத்தர் பாக்கி. அதை முடிச்சுக்கறேன்."

திரும்பினார். மூன்றாவது வரிசையில் இருந்தவரைப் பார்த்து, தொலைபேசி நிலையத்துக் காலத்து அதே தெளிவான குரலில் கேட்டார்.

"ஹலோ. இருக்கீங்களா?"

கடிகாரக்காரர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்தார். மணி பத்து எட்டு. சபை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"இருக்கேன்," என்றார். "ரெண்டு மணி பத்து நிமிஷம் லேட்டு."