பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி

சுபா சித்தேரி மலையில் இருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது மகள் ஜெர்லினுக்கு ஏழு வயது. ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம், அப்புறம் மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே வந்துவிடலாம் என்றுதான் அவளும் கணவன் அந்தோணி பிரகாஷும் பேசிக்கொண்டார்கள். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸைப் பிடித்து அரூர் வருவாள். அங்கிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி. வீட்டுக்கு வந்து சேரும்போது ஜெர்லின் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு, வாரத்துக்கு வேண்டிய குழம்புப் பொடியும் துவைத்த துணியுமாகப் பை கட்டிக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை பஸ் பள்ளி மணிக்குள் மேலே போய்ச் சேராது.

நல்லம்பள்ளியில் அவர்கள் இருந்தது வாடகை வீடு. ஒரே வாசலுக்குள் இரண்டு வீடுகள். மற்றதில் ரோசம்மா இருந்தாள். இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். அவள் மகள் பிரின்சிக்கும் ஜெர்லினுக்கும் ஒரே வயசு. பிரின்சி பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்து போவாள். ஜெர்லின் படித்தது தர்மபுரியில், கன்னியர் நடத்துகிற பள்ளியில். அதற்கு வேன் காலை ஆறே முக்காலுக்கு வந்துவிடும். ஊர் ஊராகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன் அது. சாயங்காலம் அதே சுற்று. ஐந்தே முக்காலுக்கு இறங்கும்போது பிள்ளை முகம் வெளுத்துப்போயிருக்கும். பாதி நாள் வேனிலேயே வாந்தி எடுத்திருப்பாள்.

"பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஒரு வூடு மட்டும் அமைஞ்சிடுச்சின்னா போதும் சுபா" என்று பிரகாஷ் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் தர்மபுரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், விற்பனைக்கு என்று பலகை தொங்குகிற வீடுகளின் நம்பரை எழுதிக்கொண்டு வருவான். இவர்கள் கொஞ்சம் சேர்த்தால் வீட்டு விலை அதைவிட வேகமாக ஏறியது.

நான்காவது வருஷ முடிவில் ஒரு வீடு அமைந்தது. பழைய வீடு. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. பிரகாஷ் அதன் வாசலில் நின்றுகொண்டு போன் பண்ணினான்.

"இங்க நின்னா பெல்லு சத்தம் கேக்குது. புள்ள எட்டரைக்கு எழுந்திரிச்சாக்கூடப் போயிடலாம்."

பேங்க் கடன் போகத் துண்டு விழுந்தது. சுபா விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். அதற்கு ஒரு சின்னப் படி உண்டு. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு மலையிலேயே இருக்க வேண்டும். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிரகாஷ், கடை சாத்துகிறவரை இருக்க ஒப்புக்கொண்டான். இப்படியே இன்னும் ஒன்றரை வருஷம் ஓட்டி, விற்றவருக்குப் பாக்கியைக் கட்டி முடித்து, ஜெர்லின் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பொங்கல் கழித்துக் குடிபோனார்கள். சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ரோசம்மா கேனில் பால் கொண்டுவந்து, அவளே அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிக் கொடுத்தாள்.

"நல்ல வூடு. காத்து வருது" என்றாள். கிளம்பும்போது ஜெர்லினின் தலையைத் தடவிவிட்டு, "அத்தைய மறந்துடாத" என்றாள். பிள்ளை பிரின்சியின் கையைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போனாள்.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து சுபா மலைக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அந்த ஊர்க்காரி காசியம்மாளின் வீட்டை ஒட்டிய ஓர் அறையில்தான் அவள் தங்கியிருந்தாள். அந்தப் பக்கத்தில் போன் எடுக்காது. ரோடு வளைகிற இடத்தில் ஒரு பாறை இருந்தது. அதன் மேல் ஏறி நின்றால் பேச மட்டும் முடியும், படம் வராது. தினமும் ஆறு மணிக்கு, விடுதிப் பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்துவிட்டு, சுபா அங்கே போய் நிற்பாள். ஜெர்லின் கூப்பிடுவாள்.

"வூட்டுக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேன்மா."

"கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டித்தான் இருக்கு."

"என்ன சாப்பிட்ட?"

"காலைல அப்பா செஞ்ச தக்காளி சாதம் இருந்திச்சி."

அதற்குமேல் பேச இருவருக்கும் ஒன்றும் இருக்காது. ஒருநாள் பின்னாலிருந்து மாடு கத்துகிற சத்தம் கேட்டது. தெருவில் போகிறது என்றாள் ஜெர்லின். தர்மபுரித் தெருக்களில் மாடு திரிவது ஒன்றும் அதிசயமில்லை. சுபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதியில் சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைப்பாள். வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழும். இரண்டு மூன்று பேர் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவார்கள். மெல்ல விரல்களைப் பிரித்துவிட்டு எழுந்து அறைக்கு வருவாள். அந்த நேரத்தில் ஜெர்லின் தனியாக உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைப்பு போகும்.

ஒருமுறை காசியம்மாள் கேட்டாள், "ஏன் டீச்சரு, உம் புள்ளயையும் இங்கயே கொண்டாந்து சேத்திருக்கலாமில்ல? நீதான் நல்லாச் சொல்லிக் குடுக்கறியே."

குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள். "அவங்கப்பா அங்க இருக்காருங்களே" என்று மட்டும் சொன்னாள் சுபா.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ஆறு மணிக்கு போன் வரவில்லை. சுபா பாறையில் காத்திருந்தாள். ஆறே கால், ஆறரை. அவளே கூப்பிட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சார்ஜ் போட மறந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள். ஏழு மணி வரை பார்த்தாள். பிரகாஷைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பாப்பா போன் எடுக்கலைங்க. ஒரு எட்டு வூட்டுக்குப் போய்ப் பாருங்க."

"தூங்கியிருப்பா. கடையில கூட்டமா இருக்கு சுபா."

"போங்களேன். தயவு பண்ணிப் போங்க."

கால் மணி நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். அவன் குரலே வேறாக இருந்தது.

"வூடு வெளிய பூட்டியிருக்குது. உள்ள பேக்கு இல்ல. யூனிபாரம் இல்ல. ஸ்கூல்லயிருந்து வரவேயில்ல போல."

பள்ளியில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. எதிர்வீட்டில் மணி அடித்துக் கேட்டான். அந்தம்மாவுக்கு இந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருப்பதே தெரியவில்லை. ஸ்டேஷனுக்குப் போகட்டுமா என்று பிரகாஷ் கேட்டான். சுபா நின்ற இடத்திலிருந்து கீழே இறங்க விடியும்வரை பஸ் இல்லை. ரோட்டில் ஒரு வண்டிகூட வரவில்லை. யாரைக் கூப்பிடலாம் என்று போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், ரோசம்மா பெயரில் நிறுத்தினாள்.

"அக்கா, பாப்பாவக் காணோம்க்கா" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"காணோமா? இங்கதான இருக்கா" என்றாள் ரோசம்மா. "இத்தன நேரமும் எங்க வூட்லதான் இருந்தா. இப்பதான் பஸ்ஸுக்குன்னு போனா. ஏழரை வண்டி வரலயாம், ஸ்டாப்புல நிக்கிறா. பிரின்சியும் கூட நிக்கிறா."

சுபா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் வர்றாளே" என்று ரோசம்மா தயங்கிச் சொன்னாள். "ஒரு மாசமாவே வர்றா. அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வர்றியான்னு கேட்டேன். ஆமா அத்தைன்னா. உனக்குத் தெரியாதா?"

சுபா மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இறங்கி வந்தாள். ஜெர்லினைப் பள்ளிக்கு அனுப்பாமல் பிரகாஷ் வீட்டில் வைத்திருந்தான். அவனும் கடைக்குப் போகவில்லை. பிள்ளை அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவதற்கென்று பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவளைப் பார்த்ததும் சுபாவுக்கு மறந்துபோயின. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எதுக்குடி பொய் சொன்ன?"

"வூட்லதான் இருக்கேன்னு சொன்னேன். எந்த வூடுன்னு நீ கேக்கல."

பிரகாஷ் வாசலில் இருந்து, "பேச்சப் பாரு" என்றான். சுபா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"பஸ்ஸுக்குக் காசு?"

"டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்லம்மா." நகத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "நேத்து போன்ல சார்ஜ் இல்ல. அங்க கரண்ட்டும் இல்ல. அத்தை போன்லயிருந்து பண்ணா உனக்குத் தெரிஞ்சிடும்னு வுட்டுட்டேன். இங்க வந்து பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

"இங்க என்னடி கொறச்சல்? உனக்காகத்தான இந்த வூடு?"

"கொறச்சல்லாம் இல்லம்மா. நாலேகாலுக்கு வர்றேன். கதவப் பூட்டிக்கிறேன். ஒம்போதரைக்கு அப்பா வருது. அதுவரைக்கும் யாருமே பேசமாட்டாங்க. டிவி போட்டா, அது நின்னதும் இன்னும் பயமா இருக்குது." அவள் அழவில்லை. வேனில் போய் வந்த நாட்களில் இருந்த களைப்பு அந்த முகத்தில் இப்போது இல்லை. ஆனால் வேறு ஏதோ இருந்தது. அதை இத்தனை நாள் பாறையில் நின்று பேசிய பேச்சில் தான் கேட்கவேயில்லை என்று சுபாவுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் மூவரும் நல்லம்பள்ளிக்குப் போனார்கள். ரோசம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ரோசம்மாவே பேசினாள்.

"ஸ்கூலு வுட்டதும் நேரா இங்க வரட்டும். ராத்திரி கடை சாத்திட்டு அவரு வந்து கூட்டிட்டுப் போவட்டும். இத்தன நாளு தெரியாம நடந்தது, இனிமே தெரிஞ்சி நடக்கட்டும். அவ்ளோதான?"

"உங்களுக்குத் தொந்தரவு அக்கா" என்றான் பிரகாஷ்.

"பிரின்சிக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறா. யாரு யாருக்குத் தொந்தரவு?"

அப்படித்தான் முடிவானது. பிரகாஷ் ஒரு பழைய பைக் வாங்கினான். ஜூன் மாதம் மாறுதல் கலந்தாய்வு நடந்தது. சுபா நாள் முழுக்கக் காத்திருந்தாள். அவள் பெயர் வரும்போது தர்மபுரிப் பக்கத்து இடங்கள் எல்லாம் போயிருந்தன. தலைமையாசிரியர் மாயவன், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் டீச்சர்" என்றார். விடுதிப் பொறுப்பை விட்டுவிட நினைத்தாள். தவணை நினைப்பு வந்து, அதையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளினாள்.

ஆறு மணிப் போன் இப்போது ரோசம்மா வீட்டிலிருந்து வந்தது. பாத்திரச் சத்தம், பிரின்சியின் சிரிப்பு, மாட்டை அதட்டுகிற குரல் எல்லாம் சேர்ந்து வரும். ஜெர்லின் வேகமாகப் பேசினாள். சில நாள் இரண்டு நிமிஷத்தில், "அம்மா, அத்தைகிட்டக் குடுக்கறேன்" என்று போனைக் கைமாற்றிவிடுவாள். நல்லதுதான் என்று சுபா சொல்லிக்கொண்டாள். பேச்சு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். விடுதியில் மணி அடித்தால்தான் இறங்குவாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் விடுதிப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து மத்தியானமே அழைத்துப் போய்விட்டார்கள். மாயவன் சார் அவளையும் அரை நாள் விடுப்பில் அனுப்பினார். யாருக்கும் சொல்லாமல் கிளம்பினாள். நாலு மணிக்குத் தர்மபுரி வீட்டுக்கு வந்து, தன் பையில் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தாள். ஜெர்லின் நேராக நல்லம்பள்ளிக்குப் போய்விடுவாள் என்று தெரியும். போன் பண்ணினால் வந்துவிடுவாள் என்றும் தெரியும். பண்ணவில்லை. கொஞ்ச நேரம் சொந்த வீட்டில் இருக்கலாம் என்று தோன்றியது.

பள்ளி மணி அடித்தது. பிரகாஷ் சொன்னது போலத் தெளிவாகத்தான் கேட்டது. பத்து நிமிஷம் தெருவில் பிள்ளைகள் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. எதிர்வீட்டுப் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கேட்டைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். சுபா டீ போட்டாள். எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று மூன்று டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. ஹாலில் உட்கார்ந்து குடித்தாள். காலண்டரில் ஒன்பது நாள் தாள் கிழிக்காமல் இருந்தது. எழுந்துபோய்க் கிழித்தாள். மணி ஐந்துதான் ஆகியிருந்தது. மகள் இந்த இடத்தில் இதேபோல உட்கார்ந்து எத்தனை நாள் கடிகாரத்தைப் பார்த்தாளோ என்று நினைத்ததும் அதற்குமேல் அவளால் இருக்க முடியவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பஸ் நகரத்தைத் தாண்டும்போது போன் அடித்தது. சரியாக ஆறு மணி.

"என்னம்மா, சத்தமா இருக்குது? எங்க இருக்க?"

"பஸ்ல."

"எந்த பஸ்ல?"

"நல்லம்பள்ளி பஸ்ல."

"அப்ப நான் ஸ்டாப்புக்கு வர்றேன்" என்றாள் ஜெர்லின்.

இறங்கும்போது அவள் நின்றிருந்தாள். பிரின்சி இல்லாமல் தனியாகத்தான் வந்திருந்தாள். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சுபாவின் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள்.

"எப்ப திரும்பிப் போவணும்?"

"நாளான்னிக்கி. மத்தியான பஸ்ல."

"ம்" என்றாள் ஜெர்லின். ஓரமாக நடக்கச் சொல்லி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அன்று வகுப்பில் நடந்ததை ரோசம்மா வீட்டு வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.