பதினேழாம் இலக்கக் கரவான்

கடைசி அரிசி மூட்டையை உணவகத்தின் நிலக்கீழ் அறைக்குள் இறக்கி வைத்துவிட்டுப் புண்ணியமூர்த்தி மேலே வந்தபோது, ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் மரக்கறிக் கடைகள் பாதிக் கதவுதான் திறந்திருந்தன. முதலாளி குகதாசன் வாசலில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, இனி வெள்ளிக்கிழமை வாங்கோ. சனம் இல்லை."

"போன கிழமையும் ரெண்டு நாள்தானே தம்பி தந்தனீங்கள்?"

"நான் என்ன செய்யிறது? நீங்களும் பாக்கிறியள்தானே."

பதினொரு வருடமாக அந்தக் குசினியில் ரொட்டி போடுகிறவர் அவர். வெளியே நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியின் பின்தட்டைக் கூட்டித் துடைத்தார். வாகனம் அவருடைய சொந்தம். ஒரு வருடத்துக்கு முன் அதற்குக் கொக்கி பூட்டி, கரவான் என்ற சில்லு வைத்த வீட்டை இழுப்பதற்கென்று தனிப் பெர்மியும், அதாவது ஓட்டுநர் அனுமதியும், எடுத்திருந்தார். உணவகத்தில் வேலை இல்லாத நாட்களில் ஒரு நிறுவனத்துக்காக இழுத்தார். கோடையில் கடற்கரைக்கு, கோடை முடியத் திரும்பக் களஞ்சியத்துக்கு. எல்லாம் விடுமுறைக்காரரின் கரவான்கள். கொக்கியில் பூட்டுமுன் ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் உள்ளே விரித்திருந்த கட்டில்களை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். ஆட்கள் இருந்ததில்லை.

அன்றைய ஓட்டம் வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஆற்றங்கரையில் கரவான்கள் நிறுத்தித் தங்கும் ஒரு கம்பிங். அந்த இடத்தை யாரோ விலைக்கு வாங்கியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய்களைக் கழற்றியிருந்தார்கள். புல்லில் நீள்சதுரமான வெளிறிய அடையாளங்கள் இருந்தன; பதினேழாம் இலக்கத்தில் மட்டும் ஒரு கரவான் மிச்சம் நின்றது. அவர் பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து, குனிந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரவானின் கதவு திறந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண். மேற்சட்டைப் பொத்தான்கள் எல்லாம் பூட்டி, தோளில் பையோடு நின்றாள்.

"நான் தயார், மெஸ்யூ. கோப்பைகளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மெதுவாக ஓட்டுவீர்கள்தானே?"

புண்ணியமூர்த்தி நிறுவனம் தந்த காகிதத்தை எடுத்து விரித்தார். முகவரியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தார். இப்போதுதான் அதன் கீழே இருந்த வரியை வாசித்தார். *அழிப்புக்கு.* ஆள் இல்லை என்ற பெட்டியில் கீறு போட்டிருந்தது.

சற்றுத் தள்ளிப் போய் நிறுவனத்துக்கு அழைத்தார். ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கிற தியரி எடுத்தான்.

"மெஸ்யூ தியரி, உள்ளே ஆள் இருக்கு. வயசான மதாம்."

"என் கோப்பில் யாரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே காலி என்று எழுதியிருக்கிறது."

"நான் பார்க்கிறேன். நிற்கிறா."

"அது கம்பிங்காரர் பாடு. நீ கரவானை மூன்று மணிக்குள் கொண்டுபோய் விடு. உன்னால் முடியாதென்றால் சொல், இன்னொருவனை அனுப்புகிறேன். அடுத்த கிழமையும் அவனையே அனுப்புவேன்."

கம்பிங்காரரின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. அதை எவரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் பிக்கப்பின் முன் இருக்கையில் ஏறி, பட்டியையும் பூட்டிக்கொண்டு இருந்தாள். தன் பெயர் மர்கரீத் என்றாள். அவர் காகிதத்தை நீட்டினார்.

"மதாம், அங்கே போக... வீடு இல்லை. உடைக்கிறது. முடிந்தது."

மர்கரீத் தன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்துபோயிருந்தது. "இதோ, 'இடமாற்றம்' என்று போட்டிருக்கிறார்கள். கரவான் இன்னொரு இடத்துக்கு மாற்றப்படும்." அவருடைய கையை லேசாகத் தட்டினாள். "உங்களுக்குப் பிரெஞ்சு கஷ்டம், மெஸ்யூ. பரவாயில்லை. உங்கள் காகிதத்தில் இருக்கிற அந்தச் சொல் குப்பைகளுக்காக இருக்கும்."

புண்ணியமூர்த்தி கரவானைக் கொக்கியில் பூட்டினார். விளக்கு வயரைச் செருகினார், சங்கிலியைக் கொளுவினார், ஓட்டினார்.

வழியில் பெற்றோல் நிலையமொன்றில் நிறுத்தி, காற்றுப் பார்ப்பதுபோல் சில்லுக்கருகில் குந்திக்கொண்டு மனைவி கமலராணிக்கு அழைத்தார்.

"ஒரு வெள்ளைக்கார மனுசியப்பா. வயசுபோனவ. ரெண்டு நாளைக்கு எங்கடை வீட்டிலை..."

"உங்களுக்கு விசரே? ஹோலிலை எங்களோடை தங்கியிருக்கிற பிரதீஸின்ரை குடும்பம் நாலு பேர் படுக்குது. நான் குசினி வாசல்லை கிடக்கிறன். போன மாசந்தான் வீட்டுக்காரன் வந்து தலைகளை எண்ணிப்போட்டுப் போனவன்."

"எனக்கு விளங்குது."

"பிள்ளையள் இல்லையோ அவவுக்கு?"

"கேக்கேல்லை."

"கேளுங்கோ. ஆரும் இருப்பினம்." பிறகு, "சாப்பிட்டவவோ?" என்று கமலராணி கேட்டாள்.

அவர் ஒரு சாண்ட்விச்சும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். "ஒரு மகன் இருந்தான்" என்றாள் மர்கரீத். சாண்ட்விச்சைப் பாதியாக்கி அவருக்கும் தந்தாள். புதிய இடத்திலும் ஆறு தெரியுமா என்று ஒருமுறை கேட்டாள். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது, மதாம்" என்றார்.

கரவான்களை உடைக்கும் முற்றம் தகர வேலிக்குப் பின்னால் இருந்தது. கரவான்களின் சுவர்கள் பாண் துண்டுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரு குவியலில் மெத்தைகள். நடுவே, இரும்புக் கைகொண்ட இயந்திரம் ஒரு கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மர்கரீத் இறங்கி, பையை நெஞ்சோடு பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவன் வந்து, வர்ணம் தெளிக்கும் புட்டியால் அவளுடைய ஜன்னலுக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி அடித்தான்.

"என்னுடைய இடத்தின் இலக்கம் எத்தனை?" என்று அவள் அவனைக் கேட்டாள்.

அவன் புண்ணியமூர்த்தியைப் பார்த்தான். "இது யார்? நான்கு மணிக்குப் பூட்டுவோம். கழற்றிவிட்டுக் கையெழுத்தைப் போடு."

புண்ணியமூர்த்தி கையெழுத்துப் போட்டார். சங்கிலியைக் கழற்றினார், வயரைப் பிடுங்கினார், பிக்கப்பை இரண்டு மீற்றர் முன்னுக்கு எடுத்தார். கண்ணாடியில் பார்த்தபோது மர்கரீத் அங்கு இல்லை. கரவானின் கதவு சாத்தியிருந்தது. இறங்கிக் கிட்டப் போனபோது, உள்ளே விளக்கில்லாத மங்கலில் அவள் துணி சுற்றிய கோப்பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

அவர் ஜன்னலைத் தட்டினார். "மதாம். வாங்கோ, மதாம்," என்று தமிழிலேயே கூப்பிட்டார்.

ஜன்னல் கொஞ்சம் திறந்தது. "சாய்ந்திருக்கிறது, மெஸ்யூ. கரவானின் கால்களை இறக்கிவிடுங்கள். இப்படியென்றால் எனக்கு நித்திரை வராது."

இயந்திரக்காரன் வேலையை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான். செம்மஞ்சள் சட்டைக்காரன் யாருக்கோ தொலைபேசியில் பேசியபடி, அவர் பக்கம் கையை விரித்துக் காட்டினான்.

புண்ணியமூர்த்தி பிக்கப்பிலிருந்து சுழற்றும் கம்பியை எடுத்துவந்தார். சேற்றில் முழந்தாளிட்டு, கரவானின் மூலையில் மடிந்திருந்த முதலாவது இரும்புத் தாங்குகாலை இறக்கினார். பிறகு இரண்டாவது. பிறகு பின்பக்கம் போய் மற்ற இரண்டையும்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம்," என்றாள் மர்கரீத் உள்ளேயிருந்து.

அவர் இடது பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.