இருபது சுற்றுக் கம்பி

தம்பி செல்லக்கண்ணு துபாய்க்குத் திரும்பிப் போன மறுநாள் காலையில், மலர்க்கொடி அவன் விட்டுச்சென்ற ரிமோட் காரின் மோட்டாரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. அதுவரை அவள் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டியதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய பம்புசெட்டு மோட்டார்கள். முகர்ந்து பார்த்தாள். கருகிய வார்னிஷ் வாடை பெரிய மோட்டாரில் வருகிற மாதிரியேதான் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அரியலூரில் கீழப்பழுவூர் சாலையில் அவர்களுடைய கொட்டகை இருந்தது. முன்பக்கம் அவள் கணவன் தர்மன் மோட்டார்சைக்கிள் பழுது பார்ப்பான். பின்பக்கம் அவள் காயில் கட்டுவாள். இருவருமே அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள், பத்து வயதில் வேலைக்கு வந்தவர்கள். விளையாட்டுச் சாமான் என்று கடையில் வாங்கிய எதுவும் அவர்கள் கைக்கு வந்ததில்லை. செல்லக்கண்ணு லீவில் வந்தபோது கொண்டுவந்த கார் அது. பெரிய முள்முள்ளான டயர்கள், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே சுண்டுவிரல் அளவு ஷாக் அப்சார்பர். மருதையாற்று மணலில் ஓட்டி இரண்டே நாளில் புகைய வைத்துவிட்டான். "நீயே வச்சிக்கக்கா. சரியானா ஓட்டு, இல்லாட்டி பரண்ல போட்டுடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

அவள் பழைய கம்பியைப் பிரித்து எண்ணினாள். மோட்டாரின் இரும்புப் பல் ஒவ்வொன்றிலும் இருபத்தேழு சுற்று. அதே மாதிரி கட்டியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். கையில் கொஞ்சம் தடித்த கம்பி இருந்தது. தடித்த கம்பியில் சுற்றைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது அவளுக்குத் தெரியும். விவசாயிகளின் மோட்டாரில் இந்த மாதிரி விளையாட முடியாது. இருபது சுற்றுக் கட்டி, வார்னிஷ் பூசி, வெயிலில் காயவைத்தாள்.

மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தரிசில் ஓட்டினார்கள். கார் கிளம்பிய வேகத்தில் முதல் வரப்பில் ஏறி, ஆளுயரம் எம்பி, குப்புற விழுந்தது. நிமிர்த்தி விட்டால் அடுத்த மேட்டில் மறுபடியும் கவிழ்ந்தது.

"மோட்டார் ரொம்ப முறுக்கா இருக்கு மலரு. இன்னும் ரெண்டு சுத்து ஏத்திக் கட்டு" என்றான் தர்மன்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கால்தான் சரியில்ல. அது உங்க வேல."

அவனுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே நான்கு ஷாக் அப்சார்பரையும் பிரித்து உட்கார்ந்துவிட்டான். உள்ளே இருந்த எண்ணெய் தண்ணீராக இருந்தது. மோட்டார்சைக்கிள் ஃபோர்க்கில் ஊற்றும் எண்ணெயை ஊற்றிப் பார்த்தான். அமுங்கிய கால் எழவே இல்லை. அதில் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒவ்வொரு கலவையையும் இடுப்பு உயரத்திலிருந்து காரைத் தரையில் போட்டுச் சோதித்தான். முன்பக்கத்துக்கு ஒரு கலவை, பின்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் கெட்டியாக ஒன்று. நான்காம் நாள், விழுந்த கார் துள்ளாமல் மெத்தையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து எழுந்தது. அவன் அவளைக் கூப்பிடவில்லை. அவள் பார்க்கும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தான்.

சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபோர்மனாக இருந்த மிக்கேல் தன் மோட்டார்சைக்கிளை எடுக்க வந்தபோது அந்தக் காரைப் பார்த்தார். ஏலாக்குறிச்சிக்காரர். அவருக்கும் சிங்கப்பூரிலிருந்து ஒரு கார் வந்திருந்தது.

"காணும் பொங்கலுக்கு எங்க காலனில பந்தயம் வச்சிருக்கோம் தர்மா. ஆபீசருங்க வண்டி நாலு, என்னுது ஒண்ணு. நீங்களும் வாங்களேன்."

தர்மன் கையைத் துணியில் துடைத்தபடி நின்றான். ஆலைக் காலனி கேட்டுக்குள் அவன் போனதெல்லாம் வண்டியைக் கொண்டுபோய் விடுவதற்குத்தான். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே திரும்புவான்.

"பேர எழுதிக்குங்க சார்" என்றாள் மலர்க்கொடி உள்ளேயிருந்து.

தான்தான் ஓட்டப்போகிறோம் என்று தர்மன் நினைத்திருந்தான். ஆனால் கார் எதிரே திரும்பி வரும்போதெல்லாம் இடதும் வலதும் மாறிப்போய் அவன் அதை வேலியில் விட்டான். அவளுக்கு அது குழப்பமாகவே இல்லை. காயிலை இந்தப் பக்கம் பார்த்தால் வலச்சுற்று, அந்தப் பக்கம் பார்த்தால் இடச்சுற்று. பன்னிரண்டு வருடமாக அதில் பழகிய கை. மூன்று நாள் பார்த்துவிட்டு, ரிமோட்டை அவனே அவளிடம் கொடுத்தான். "நீயே ஓட்டு. நான் கவுந்தா நிமித்தி விடறேன்."

பந்தயம் காலனிக்குப் பின்னால், கல் வெட்டியெடுத்து விட்டுப்போன பள்ளத்தில் நடந்தது. மேடும் குழியுமாக வெள்ளைத் தரை. பத்துச் சுற்று. ஆபீசர்களின் குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. "யாரு ஓட்டறது?" என்று கேட்ட இன்ஜினியர், தர்மனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தாங்க சார்" என்றாள் மலர்க்கொடி.

மற்ற கார்கள் மேட்டுக்கு முன்னால் தயங்கின. அவளுடையது தயங்கவில்லை. ஏறி, பறந்து, நான்கு காலையும் மடக்கி இறங்கி, இறங்கிய வேகத்திலேயே ஓடியது. எட்டாவது சுற்றில் மிக்கேலின் கார்கூடப் பாதிச் சுற்று பின்னால் இருந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒன்பதாவதில் மோட்டாரின் சத்தம் இறங்கியது. இருபது சுற்றுக் கம்பி பேட்டரியைக் குடித்துவிட்டிருந்தது. மிக்கேலின் கார் அவளைத் தாண்டிப் போனது. கடைசிச் சுற்றின் கடைசி மேட்டில், பாதியில், அவளுடைய கார் நின்றுவிட்டது.

"அழுத்தும்மா" என்று யாரோ சொன்னார்கள். அவள் விரலை எடுத்துவிட்டாள். பேட்டரி தீர்ந்த டார்ச் விளக்கை அணைத்துச் சற்று ஆறவிட்டால் மறுபடி கொஞ்சம் எரியும், இதுவும் அப்படித்தான் என்பது அவள் நினைப்பு. மிக்கேல் கோட்டைத் தாண்டிவிட்டார். இன்ஜினியரின் கார் வளைவில் திரும்பியது. மேட்டடியில் குந்தியிருந்த தர்மன் அவள் முகத்தையே பார்த்தான். தொட்டுத் தள்ளிவிட அவனுக்குக் கை துறுதுறுத்தது. கவிழ்ந்தால் நிமிர்த்தலாம், தள்ளினால் ஆட்டம் போய்விடும். அவள் மனதுக்குள் இருபது வரை எண்ணிவிட்டு, மெதுவாக விரலை வைத்தாள். கார் அசைந்தது, ஏறியது, உச்சியில் ஒரு நொடி ஊசலாடியது, பிறகு சரிவில் தானாகவே உருண்டு, இன்ஜினியரின் காருக்கு ஒரு சாண் முன்னால் கோட்டைத் தொட்டது.

இரண்டாம் பரிசு ஒரு எவர்சில்வர் தூக்கு. அதைவிட, மிக்கேல் தன் காரைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களுக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்ததுதான் தர்மனுக்குப் பெரிதாக இருந்தது.

"மோட்டார்ல எத்தன சுத்து போட்டீங்க?"

"இருவது. இவரு ரெண்டு கூடப் போடச் சொன்னாரு. நான்தான் கேக்கல."

"அந்த எண்ணெய் என்ன எண்ணெய் தர்மா?"

தர்மன் சிரித்தான். "அத மட்டும் கேக்காதீங்க சார்."

வெயில் சாயும் நேரத்தில் இருவரும் மோட்டார்சைக்கிளில் கிளம்பினார்கள். கேட்டில் காவல்காரர் கையைத் தூக்கி விடைகொடுத்தார். காலனி ரோடு முடிந்து குண்டும் குழியும் ஆரம்பித்தபோது, மலர்க்கொடி மடியில் இருந்த காரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"என்ன பண்றே பின்னால?"

அவள் காரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். எதிர்க்காற்றில் முன்சக்கரங்கள் இரண்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் அவள் தலைமயிரிலும் அவன் சட்டை முதுகிலும் வெள்ளையாகப் படிந்துகொண்டே வந்தது.